கணினியில் நிலையாக ஓடும் சுற்று மேசையில் ஏன் சூடேறுகிறது? பழைய வானொலியின் ஏசி 128 டிரான்சிஸ்டர் வெளியீட்டுப் பகுதி

தென்காசி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 31 ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என் மேசையில் இப்போது திறந்து கிடப்பது என் அப்பாவின் டிரான்சிஸ்டர் வானொலி. தோல் உறையும் ஆறு டார்ச் செல்களும் கொண்ட ஏழு டிரான்சிஸ்டர் பெட்டி. அப்பா மாலையில் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் இதைத் திண்ணையில் வைத்து இலங்கை வானொலியைத் திருப்புவார். தெருவில் பாதிப் பேர் எங்கள் திண்ணையில்தான் இருப்பார்கள். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி முத்திரை வாங்கிய உரிமப் புத்தகத்தையும் அவர் பெட்டியோடு சேர்த்தே வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு இரண்டும் பரணில் கிடந்தன. சென்ற மாதம் இறக்கினேன்.

மின்பகு மின்தேக்கிகள் எல்லாம் வற்றிப் போயிருந்தன. அவற்றை மாற்றியதும் பெட்டி பேசத் தொடங்கிவிட்டது. முதல் பத்து நிமிடங்களுக்குக் குரல் தெளிவாக இருக்கிறது. பிறகு மெல்ல மெல்லக் கரகரப்பு ஏறுகிறது. இருபது நிமிடத்தில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் இரண்டின் மீதும் விரலை வைத்திருக்க முடியவில்லை. புதிய செல்கள் சில நாட்களிலேயே தீர்ந்துவிடுகின்றன.

என்னிடம் சுற்றுப்படம் இல்லை. பலகைக்குப் பின்னால் மேசை விளக்கை வைத்து, செப்புத் தடங்களைப் பார்த்துப் பார்த்து இரண்டு மாலைகளில் வரைந்தேன். வெளியீட்டுப் பகுதி இப்படி இருக்கிறது. ஒரு ஏசி 126 இயக்கி டிரான்சிஸ்டர், அதன் கலெக்டரில் ஓர் இயக்கி டிரான்ஸ்பார்மர் (டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர்). அதன் இரண்டாம் சுருளின் இரு முனைகளும் இரண்டு ஏசி 128 வெளியீட்டு டிரான்சிஸ்டர்களின் பேஸுகளுக்குப் போகின்றன. நடுமுனையிலிருந்து எதிர்மின் தடத்துக்கு 2.7 கிலோ ஓம். அதே நடுமுனையிலிருந்து நேர்மின் தடத்துக்கு 100 ஓமும் 120 ஓமும் இணையாக இருக்கின்றன. இரு எமிட்டர்களுக்கும் பொதுவாக 4.7 ஓம். வெளியீட்டு டிரான்ஸ்பார்மர், ஒலிபெருக்கி. டிரான்சிஸ்டர்கள் எல்லாம் பிஎன்பி வகை, நேர்மின் முனைதான் தரை. பெட்டியில் உள்ள மின்தடைகள் எல்லாம் வெள்ளிப் பட்டை போட்ட பழைய கரி மின்தடைகள். அந்த 120 ஓம் மட்டும் பொன் பட்டையோடு சற்று மெலிந்ததாக இருக்கிறது. அளந்தால் மதிப்பு சரியாகத்தான் இருக்கிறது.

என் அளவீடுகள் இவை. போட்ட முதல் நிமிடத்தில் நடுமுனை 0.178 வோல்ட், எமிட்டர் மின்தடைக்குக் குறுக்கே 28 மில்லிவோல்ட், அதாவது இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் சேர்த்து 6 மில்லி ஆம்பியர். இருபது நிமிடம் கழித்து எமிட்டர் மின்தடையில் 95 மில்லிவோல்ட், அதாவது 20 மில்லி ஆம்பியர். பெட்டி இருக்கும் அறையின் வெப்பநிலை 36 டிகிரி.

இதே சுற்றை, சுற்றுகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எல்டி ஸ்பைஸ் என்ற மென்பொருளில் வரைந்தேன். மென்பொருளின் பாக நூலகத்தில் ஏசி 128 இல்லை என்பதால் 2என் 3906 என்ற டிரான்சிஸ்டரைப் போட்டேன். மின்னோட்டமே ஓடவில்லை. 2.7 கிலோ ஓமை 680 ஓமாகக் குறைத்த பிறகுதான் ஓடியது. அலை மிக அழகாக வருகிறது, ஒலி இல்லாதபோது ஓடும் ஓய்வு மின்னோட்டம் அசையாமல் நிற்கிறது. ஆனால் மேசை மீது இருக்கும் பெட்டி அப்படி நடந்துகொள்ளவில்லை.

என் கேள்விகள் இரண்டு. இருபது நிமிடத்தில் நடக்கும் இந்தச் சூடேற்றத்தை மென்பொருளில் எப்படிப் பார்ப்பது? குறை எங்கே இருக்கிறது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டியை விரலால் தட்டினால் சில நேரம் நிலையங்கள் மறைந்து, மறுபடி தட்டினால் திரும்பி வருகின்றன. சால்டர் இணைப்புகள் அனைத்தையும் புதுப்பித்தும் இது நிற்கவில்லை.

அப்பாவின் பெட்டியில் அவர் கை பட்ட பாகங்கள் எத்தனை இருக்க முடியுமோ அத்தனையும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஐசி (ஒருங்கிணைந்த சுற்றுச் சில்லு) ஒன்றைப் போட்டு முடித்துவிடலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்.

மின்னோட்டம்_கோவை எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் அளவீடுகளிலேயே பாதி விடை இருக்கிறது. 0.178 வோல்ட்டில் 28 மில்லிவோல்ட்டைக் கழித்தால் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 150 மில்லிவோல்ட். அதில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் 3 மில்லி ஆம்பியர் கடத்துகிறது. இது ஜெர்மேனியத்தின் இயல்பு. 2என் 3906 சிலிக்கான். அதே மின்னோட்டத்துக்கு அது 650 மில்லிவோல்ட் கேட்கும். நீங்கள் 2.7 கிலோ ஓமைக் குறைத்ததும் அந்தச் சுற்று வேறு ஒரு வானொலியின் சுற்றாகிவிட்டது. முதலில் அந்த 680 ஓமை எடுத்துவிட்டு 2.7 கிலோ ஓமையே திரும்பப் போடுங்கள். மாற்ற வேண்டியது டிரான்சிஸ்டரின் மாதிரியை, அதாவது அதன் நடத்தையை மென்பொருளுக்குச் சொல்லும் எண்களை.

இதற்கு யாருடைய மாதிரிக் கோப்பையும் தேட வேண்டியதில்லை, உங்கள் அளவீட்டிலிருந்தே செய்துகொள்ளலாம். தெவிட்டு மின்னோட்டம் என்று நீங்கள் பாடம் நடத்தியிருப்பீர்கள். மாதிரியில் அதற்கு ஐஎஸ் என்று பெயர். அறை வெப்பநிலையில் 150-ஐ 26-ஆல் வகுத்தால் சுமார் 5.8. ஈ என்னும் மாறிலியை 5.8 அடுக்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழ 330. 3 மில்லி ஆம்பியரை 330-ஆல் வகுத்தால் 9 மைக்ரோ ஆம்பியர். அதுதான் உங்கள் ஐஎஸ். நீங்கள் எதுவும் எழுதாமல் விட்டால் மென்பொருள் எடுத்துக்கொள்ளும் மதிப்பு ஓர் ஆம்பியரில் பத்தின் பதினாறாம் அடுக்கில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட பதினோரு தசம இடங்கள் வித்தியாசம். ஒரே சுற்று மென்பொருளில் ஊமையாக நின்றதும் பெட்டியில் பாடியதும் இதனால்தான்.

அடுத்து ஈஜி, அதாவது ஆற்றல் இடைவெளி. ஸ்பைஸ் 1973-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானபோது அதன் நோக்கமே ஐசி வடிவமைப்பு. ஸ்பைஸ் (SPICE) என்ற ஆங்கிலப் பெயரின் நடுவில் உள்ள ஐசி (IC) அதுதான். அதனால் ஈஜிக்கு எழுதாமலே கிடைக்கும் மதிப்பு சிலிக்கானுக்குரிய 1.11. ஜெர்மேனியத்துக்கு அதை 0.67 என்று நீங்கள் எழுத வேண்டும். பிஎஃப் என்ற பெருக்கத்தை இப்போதைக்கு 80 என்று வையுங்கள். வெப்பநிலையை 27, 40, 50, 65 என்று படிப்படியாக ஏற்றி ஓட்டுங்கள். ஒரு டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் பேஸ் மின்னழுத்தத் தேவை குறைந்துகொண்டே போவதை நீங்களே காண்பீர்கள். உங்கள் பகிர்வு மின்தடைகளோ நடுமுனையை 0.178 வோல்ட்டிலேயே பிடித்து வைத்திருக்கின்றன. தேவை குறையக் குறைய, அதே 0.178 வோல்ட் அதிக மின்னோட்டத்தைத் தள்ளும்.

நீங்கள் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய டையோடு சமன்பாடு இது. அப்பாவின் பெட்டிக்குள்ளேயே அது வேலை செய்வதைப் பார்க்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பழைய_பட்டறை எழுதியது:

அம்மாவுக்கு வணக்கம். நான் 1968-இல் மதுரையில் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் கைச்சேவகனாகச் சேர்ந்தவன். கம்ப்யூட்டரில் சுற்றை ஓட்டுவது எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் திறந்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்த 120 ஓம் ரெசிஸ்டர்தான். யோசித்துப் பாருங்கள் அம்மா. 100 ஓமும் 120 ஓமும் இணையாகப் போட்டால் 54.5 ஓம். 56 ஓம் ரெசிஸ்டர் கடையில் எப்போதும் கிடைக்கும். ஒன்று போதும் என்ற இடத்தில் இரண்டு போடுகிற தொழிற்சாலை எதுவும் இல்லை. அதிலும் மற்றவை எல்லாம் வெள்ளிப் பட்டை, இது மட்டும் பொன் பட்டை. அந்த இடத்தில் முதலில் இருந்தது ரெசிஸ்டர் அல்ல, தெர்மிஸ்டர். சூடானால் மதிப்பு குறைகிற வகை, 25 டிகிரியில் 130 ஓம். இந்தப் பெட்டியின் காலத்துப் புஷ்-புல் சுற்றுகளில், அதாவது இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி வேலை செய்யும் சுற்றுகளில், பெரும்பாலும் அதுதான் இருக்கும். இரண்டு ஏசி 128-க்கும் பக்கத்தில், அவற்றின் சூடு படும் இடத்தில் பொருத்தியிருப்பார்கள். காலப்போக்கில் கால் ஒடிந்தோ வில்லை உடைந்தோ போயிருக்கும். பிற்காலத்தில் யாரோ ஒருவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, அதே மதிப்புக்கு நெருங்கிய சாதாரண ரெசிஸ்டரைப் போட்டுவிட்டார். குளிர்ந்த நிலையில் பெட்டி நன்றாகப் பாடும், வாடிக்கையாளரும் பணம் கொடுத்துவிட்டுப் போவார். சூடான பிறகுதான் வித்தியாசம் தெரியும். பலகையில் அந்த இடத்தைச் சுற்றி அச்சிட்ட குறி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வட்டமாக இருந்தால் நான் சொல்வது உறுதி.

இரண்டாவது, ஏசி 128-களைக் கழற்றிக் கசிவு பாருங்கள், அதாவது பேஸில் எதுவும் கொடுக்காதபோதும் ஓடும் மின்னோட்டம். எமிட்டரை 9 வோல்ட்டின் நேர்முனையில் வையுங்கள். கலெக்டரிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக எதிர்முனைக்குக் கொண்டு போங்கள். பேஸை எங்கும் சேர்க்காமல் விடுங்கள். ரெசிஸ்டருக்குக் குறுக்கே மீட்டரில் தெரியும் வோல்ட்டே மில்லி ஆம்பியரில் கசிவு. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல டிரான்சிஸ்டர். விரலால் பிடித்தால் எண் ஏறும், பயப்பட வேண்டாம், ஜெர்மேனியம் அப்படித்தான். விரலை எடுத்து ஐந்து நிமிடம் கழித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தட்டினால் நிலையங்கள் மறைவது. முன்பகுதியில் மூன்று டிரான்சிஸ்டர்கள் நான்கு கால்களோடு இருக்கும். ஏஎஃப் 117 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஏஎஃப் 114 முதல் 117 வரை உள்ள குடும்பத்துக்கு ஒரு பிறவி நோய் உண்டு. உள்சுவரில் இருக்கும் வெள்ளீயப் பூச்சிலிருந்து முடியைவிட மெல்லிய மீசைகள் பல ஆண்டுகளில் தானாக வளர்ந்து, உள்ளே இருக்கும் கம்பிகளைத் தொட்டுவிடும். நீங்கள் எத்தனை முறை சால்டர் செய்தாலும் பயன் இராது. கலெக்டர் கால் மட்டும் சற்றுத் தள்ளி நிற்கும். அதற்கு அடுத்த கால் கவசத்தின் கால், அது தரையோடு சேர்ந்திருக்கும். அந்த ஒரு காலை மட்டும் பலகைக்கு மேலே வெட்டிவிடுங்கள். மீசை உள்ளே தொட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆனால் தரைக்குப் போகும் வழி அறுந்துவிடுவதால் பெட்டி பாடும். அலை கத்தல், அதாவது ஊளைச் சத்தம், ஏதும் வந்தால் மட்டும் வேறு யோசிக்கலாம், எனக்குத் தெரிந்து பெரும்பாலும் வராது.

தென்காசி ஆசிரியை எழுதியது:

ஐயா, அச்சிட்ட குறி வட்டமாகத்தான் இருக்கிறது! மற்ற மின்தடைகளுக்கெல்லாம் நீள்சதுரம், இதற்கு மட்டும் வட்டம். இரண்டு மாலைகள் இதே பலகையை உற்றுப் பார்த்து வரைந்தேன். அந்த வட்டத்தையும் என் தாளில் வரைந்திருக்கிறேன். அதன் பொருள்தான் எனக்குத் தெரியவில்லை.

டிரான்சிஸ்டர்களைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றில் 0.32 வோல்ட். மற்றதில் 1.9 வோல்ட். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தும் அதே எண். பெருக்கத்தை 80 என்று கொண்டால் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடைப்பட்ட கசிவு ஒன்றில் 4 மைக்ரோ ஆம்பியர், மற்றதில் 24 மைக்ரோ ஆம்பியர் என்று வருகிறது. என் கணக்கு சரிதானா?

கோவை சகோதரர் சொன்னபடி மாதிரியைத் திருத்தினேன். 2.7 கிலோ ஓம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. 27 டிகிரியில் 6.1 மில்லி ஆம்பியர். என் மீட்டர் காட்டிய எண் அதுதான். கணினித் திரையில் அதைப் பார்த்ததும் எழுந்து சற்று நடந்துவிட்டு வந்தேன். 50 டிகிரியில் 12 வருகிறது. கசியும் டிரான்சிஸ்டருக்குப் பேஸிலிருந்து கலெக்டருக்கு ஒரு மின்னோட்ட மூலத்தைச் சேர்த்து, அதை ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இரு மடங்காகும்படி எழுதினேன். இப்போது 50 டிகிரியில் 14, 65 டிகிரியில் 20. ஆனால் இன்னும் ஒரு குழப்பம் இருக்கிறது. மென்பொருளில் வெப்பநிலையை நான்தான் ஏற்றுகிறேன். பெட்டியில் அது தானாக ஏறுகிறது. எந்த டிகிரியில் நிற்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்கும்_கம்பியும் எழுதியது:

உங்கள் கசிவுக் கணக்கு சரிதான் அம்மா. ஒரு சிறு திருத்தம் மட்டும். ஐஎஸ் 9 மைக்ரோ ஆம்பியர் என்று எழுதியதால் மாதிரி தானாகவே ஏறத்தாழ அதே அளவு கசிவைக் கொண்டிருக்கும். எனவே 24-ஐ முழுதாகச் சேர்க்காமல் 15 என்று சேர்த்தால் போதும். விடையில் பெரிய மாற்றம் வராது.

தானாக ஏறும் வெப்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்பைஸில் உள்ள சாதாரண டிரான்சிஸ்டர் மாதிரிக்குத் தன் சூடு தனக்குத் தெரியாது. நீங்கள் கொடுத்த வெப்பநிலையில் ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் அங்கேயே நிற்கும். இருபது நிமிடத்தை ஓட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள், அந்த வழியில் கிடைக்காது. ஒரு வரைபடத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் டிரான்சிஸ்டரின் உள் வெப்பநிலை, நெடு அச்சில் மின்னோட்டம். கணினி கொடுத்த புள்ளிகளை இணைத்தால் மேல்நோக்கி வளையும் ஒரு கோடு வரும். இது முதல் கோடு, இந்த வெப்பத்தில் இவ்வளவு மின்னோட்டம் என்று சொல்வது.

இரண்டாவது கோடு எதிர்த்திசையில் பேசுவது, இவ்வளவு மின்னோட்டம் ஓடினால் இவ்வளவு வெப்பம் என்று. ஏசி 128 திறந்த காற்றில், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு ஏதும் இல்லாமல், ஒரு வாட்டுக்குச் சுமார் 290 டிகிரி சூடேறும். 14 மில்லி ஆம்பியரை 9 வோல்ட்டால் பெருக்கினால் 126 மில்லிவாட், ஆளுக்கு 63. அது 18 டிகிரி. உங்கள் அறை 36, ஆக 54. ஆனால் 14 மில்லி ஆம்பியர் ஓடுவது 50 டிகிரியில். 50 டிகிரியில் இருக்கும் டிரான்சிஸ்டர் தன்னை 54-க்குச் சூடாக்குகிறது, எனவே இன்னும் ஏறும். இப்போது 65 டிகிரியைப் பாருங்கள். 20 மில்லி ஆம்பியர், ஆளுக்கு 90 மில்லிவாட், 26 டிகிரி, மொத்தம் 62. 65-இல் இருப்பது தன்னை 62 வரைதான் சூடாக்க முடிகிறது, எனவே இறங்கும். இரண்டு கோடுகளும் 60-ஐத் தாண்டி ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன. உங்கள் மீட்டர் இருபதாவது நிமிடத்தில் காட்டிய 20 மில்லி ஆம்பியர் அந்த வெட்டுப்புள்ளிதான். விரலை வைக்க முடியாததும் அதனால்தான்.

இரண்டு கோடுகளும் வெட்டாமலே போகும் சுற்றுகள் உண்டு. அவற்றில் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய் டிரான்சிஸ்டர் அழிந்துவிடும். ஜெர்மேனியத்தின் உள் வெப்பநிலை 75 முதல் 90 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பதை மனத்தில் வையுங்கள். உங்கள் பெட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த 4.7 ஓம். யாரேனும் அதைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். கசிவு அதிகமான டிரான்சிஸ்டர் தன் பங்கைவிடக் கூடுதலாக இழுத்து, கூடுதலாகச் சூடாகும். இருபுறமும் சமம் இல்லாமல் போவதால்தான் கரகரப்பு.

இப்போது அந்தத் தெர்மிஸ்டரையும் மாதிரியில் போட்டுப் பாருங்கள். 130 ஓம் தெர்மிஸ்டர், சூட்டில் அதன் மதிப்பு எவ்வளவு வேகமாகக் குறையும் என்று சொல்லும் பீட்டா மாறிலி 3400 என்று வைத்தால், 45 டிகிரியில் 63 ஓம் ஆகிவிடும். 100 ஓமோடு இணைந்து சுமார் 39 ஓம். நடுமுனை 0.18-இலிருந்து 0.127 வோல்ட்டுக்கு இறங்கும். இருபது டிகிரி ஏற்றத்தில் டிரான்சிஸ்டரின் தேவை 40 மில்லிவோல்ட் குறைகிறது, தெர்மிஸ்டர் ஐம்பதுக்கு மேல் குறைத்துக் கொடுக்கிறது. மீதிப் பத்துச் சொச்சம் கசிவுக்கான ஈடு. அந்தக் காலத்தில் கணினி இல்லாமல், ஸ்லைடு ரூல் என்னும் கணக்கு அளவுகோலை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பொருத்திய பொறியாளர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஒரு கேள்வி. உங்கள் டிரான்ஸ்பார்மர்களை எப்படி வரைந்திருக்கிறீர்கள்? சுருள்களின் தூண்டல் மதிப்பு சுற்று எண்ணிக்கையின் வர்க்க விகிதத்தில் இருக்க வேண்டும். மூன்றுக்கு ஒன்று என்றால் தூண்டல் ஒன்பதுக்கு ஒன்று. இங்கே பலரும் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். சுருள்களின் மின்தடையையும் மீட்டரில் அளந்து சேருங்கள். இரண்டாம் சுருளின் ஒவ்வொரு பாதியிலும் ஐம்பது, அறுபது ஓம் இருக்கும். கசிவு மின்னோட்டம் அதன் வழியாகத்தான் ஓடி பேஸை மேலும் தூக்குகிறது.

பழைய_பட்டறை எழுதியது:

130 ஓம் தெர்மிஸ்டர் இப்போது கிடைப்பது அரிது. 100 ஓம் வில்லை வகை கிடைக்கும், அதோடு தொடராக 27 ஓம் போட்டால் ஓரளவு ஒத்துவரும். ஆனால் வேறொரு வழியும் உண்டு. பிற்காலத்துப் பெட்டிகளில் தெர்மிஸ்டருக்குப் பதிலாக டையோடு போல வேலை செய்யும் ஒரு ஜெர்மேனியம் சந்தியையே வைத்தார்கள். உங்கள் கசியும் ஏசி 128-ஐத் தூக்கி எறிய வேண்டாம் அம்மா. அதன் பேஸையும் கலெக்டரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் கசிவுக்கு அங்கே வேலை இல்லை. எமிட்டர் நேர்மின் தடத்துக்கு, சேர்த்த கால்கள் நடுமுனைக்கு. 100 ஓமும் 120 ஓமும் வேண்டாம். வெளியீட்டு ஜோடி சூடாகும்போது இதுவும் சூடாகி, இதன் மின்னழுத்தமும் அதே அளவு குறையும். மூன்றையும் ஒரே அலுமினியத் தகட்டால் கட்டிவிடுங்கள்.

மின்னோட்டம்_கோவை எழுதியது:

ஐயாவின் யோசனையை இங்கே ஓட்டிப் பார்த்தேன். ஒரு சிறு குறை இருக்கிறது. 2.7 கிலோ ஓம் வழியாக ஓடுவது சுமார் 3.2 மில்லி ஆம்பியர், அதில் இந்தச் சந்தி 152 மில்லிவோல்ட் கொடுக்கும். எமிட்டர் மின்தடையில் விழுவதற்கு மீதி இல்லாததால் ஓய்வு மின்னோட்டம் 3.4 மில்லி ஆம்பியருக்குக் குறைந்து, மெல்லிய ஒலியில் சிறு உடைசல் கேட்கலாம். சந்தியோடு தொடராக 8.2 ஓம் ஒன்று போட்டால் 26 மில்லிவோல்ட் கூடி மறுபடி 6 மில்லி ஆம்பியருக்கு வந்துவிடும். என் மனம் தெர்மிஸ்டர் பக்கம்தான். பெட்டி முதலில் எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். முடிவு உங்களுடையது.

தென்காசி ஆசிரியை எழுதியது:

எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன்.

டிரான்ஸ்பார்மர் பற்றிய கேள்விக்கு முதலில் பதில். ஆம், வர்க்கத்தை மறந்து நேர் விகிதத்தில் எழுதியிருந்தேன். திருத்திவிட்டேன். சுருள் மின்தடை ஒரு பாதியில் 58, மற்றதில் 61 ஓம்.

சென்னையில் இருக்கும் என் மகன் ரிச்சித் தெருவில் தேடி ஆறு ஏசி 128-கள் வாங்கி அனுப்பினான். ஒவ்வொன்றையும் பட்டறை ஐயா சொன்னபடி அளந்தேன். 0.15 முதல் 0.6 வோல்ட் வரை பல மதிப்புகள் இருந்தன. 0.22, 0.24 காட்டிய இரண்டை ஜோடியாக எடுத்துக்கொண்டேன்.

தெர்மிஸ்டரா சந்தியா என்று இரண்டு நாள் யோசித்தேன். கோவை சகோதரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அப்பாவின் பெட்டியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாடிய டிரான்சிஸ்டரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இழுப்பறையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த 1.9 வோல்ட்காரரைப் பேஸும் கலெக்டரும் இணைத்து, 8.2 ஓமோடு, வட்டக் குறி இருந்த இடத்திலேயே பொருத்தினேன். பழைய பால் டின் மூடியை வெட்டி அந்தத் தகட்டைச் செய்யலாம் என்று தொடங்கினேன், அது தகரம் என்பதால் விட்டுவிட்டு, அலுமினியத் தகட்டை வளைத்து மூன்றையும் சேர்த்துக் கட்டினேன். உறைகள் ஒன்றோடொன்று மின்சாரம் கடத்தாமல் இருக்க இடையில் மெல்லிய மைக்கா வைத்தேன்.

கணினி சொன்னது 27 டிகிரியில் 6.0 மில்லி ஆம்பியர், 50 டிகிரியில் 6.4. பெட்டியில் முதல் நிமிடம் எமிட்டர் மின்தடையில் 27 மில்லிவோல்ட். ஒரு மணி நேரம் கழித்து 33, அதாவது 7 மில்லி ஆம்பியர். டிரான்சிஸ்டர்கள் மீது விரலை வைத்தால் வெதுவெதுப்பு மட்டுமே.

ஏஎஃப் 117 பற்றி ஐயா சொன்னதும் அப்படியே. மூன்றில் இரண்டாவதைக் கழற்றி அளந்தால் கவசக் காலுக்கும் கலெக்டருக்கும் இடையே வெறும் 40 ஓம். தொடர்பே இருக்கக் கூடாத இடம் அது. மூன்றின் கவசக் கால்களையும் வெட்டினேன். கத்தல் ஏதும் இல்லை. இப்போது பெட்டியை எப்படித் தட்டினாலும் நிலையம் அசைவதில்லை. இந்தக் குறையை மட்டும் எந்த மாதிரியிலும் என்னால் எழுதியிருக்க முடியாது. பலகையைத் தொட்டுப் பழகிய ஒருவர்தான் சொல்ல முடியும். ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

நேற்று மாலை அதே திண்ணையில் வைத்துப் போட்டேன். என் அம்மாவுக்கு 84 வயது. காது சற்று மந்தம். உள்ளே இருந்தவர் வெளியே வந்து, "அப்பா கடையிலிருந்து வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, பிறகு நினைவு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒன்பது மணி வரை இருவரும் கேட்டோம்.

எல்டி ஸ்பைஸ் கோப்பை இந்த இழையில் இணைத்திருக்கிறேன். உங்களிடம் ஏசி 128 இருந்தால் 3 மில்லி ஆம்பியரில் பேஸ் மின்னழுத்தம், பேஸைத் திறந்து விட்ட கசிவு, அறை வெப்பநிலை ஆகிய மூன்றையும் அளந்து எழுதுங்கள். எட்டுப் பத்து டிரான்சிஸ்டர்களின் எண்கள் சேர்ந்தால் ஐஎஸ்-ஐயும் கசிவையும் இன்னும் சரியாக அமைத்துத் திருத்திய கோப்பை இங்கேயே போடுகிறேன்.